புயல் எச்சரிக்கையும் நம் தப்புக்கணக்குகளும்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் டெல்டாப் பக்கத்து டீக்கடைகளில் ஒரு பேச்சு கிளம்பும். “நேற்று எட்டாம் நம்பர் கூண்டு, இன்றைக்கு ஒன்பது. ஏறிக்கொண்டே போகிறதே!” படித்தவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். இது முதல் தப்புக்கணக்கு. 8, 9, 10 மூன்றுமே பெரும் அபாயக் கூண்டுகள்தான். புயல் போகும் பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருந்தால் 8, வலப்பக்கம் இருந்தால் 9, துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 10. அபாயக் கூண்டுகளான 5, 6, 7-க்கும் இதே வரிசைதான். 11 ஏற்றினால் புயல் இன்னும் பெரிதாகிவிட்டது என்று பொருளல்ல. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துபோய்விட்டது என்று பொருள். கூண்டுகள் கப்பல்காரர்களுக்கான மொழி. வீட்டில் இருப்பவர் அதை மதிப்பெண் போலப் படித்து, “எட்டுதானே” என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

அடுத்தது, கரையைக் கடக்கும் இடத்தை மட்டும் பார்ப்பது. மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் 5 அன்று ஆந்திராவின் பாபட்லா அருகே கரையேறியது. சென்னை அதற்கு முன்பே மூழ்கிக் கிடந்தது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கடந்தது. அடுத்த ஓரிரு நாளில், கடலையே காணாத ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 செ.மீ. மழை கொட்டியது. 2023 டிசம்பர் நடுவில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பெய்ததே, அன்றைக்குப் புயலே கிடையாது; பெயர் வைக்கப்படாத வெறும் காற்றுச் சுழற்சி. பெயர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர்களுக்கு இது போதும்.

செ.மீ. என்றால் பலருக்கு மனதில் எதுவும் விரிவதில்லை. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 20 செ.மீ. மழை பெய்தால் சுமார் 18,500 லிட்டர் தண்ணீர். ஏறக்குறைய ஒன்றரை டேங்கர் லாரி. அத்தனையும் இறங்க வேண்டிய குழாயின் வாயை நாலு வேப்பிலைச் சருகும் ஒரு பிளாஸ்டிக் பையும் அடைத்துவிடும். மழைக்கு முந்தின நாளே மாடியேறி ஒருமுறை கூட்டிவிடுங்கள்.

காற்று நின்றதும் வெளியே வருவதுதான் உயிரை வாங்கும் தவறு. புயலின் கண் தலைக்கு மேல் வரும்போது சட்டென்று அமைதி சூழும். பையன்கள் ஓடிப்போய் முறிந்த கிளையைப் பார்ப்பார்கள், பெரியவர்கள் கூரையைப் பார்ப்பார்கள். சிறிது நேரத்தில் காற்று எதிர்த்திசையிலிருந்து வரும். மேற்கே நகரும் புயலில் முதலில் வாடை அடிக்கும். கண் கடந்தபின் தெற்கிலிருந்து அடிக்கும். முதல் காற்றில் ஆணி கழன்ற தகரத்தை இரண்டாம் காற்று கத்தியாக வீசும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையின் மேலேயே கடந்தபோது இந்த இடைவேளையைப் பலர் பார்த்தார்கள். வானிலை மையமோ அதிகாரிகளோ சொல்லும்வரை உள்ளேயே இருங்கள்.

புயலை ஓர் இரவுச் சமாசாரமாக நினைப்பதும் தவறு. இதைக் கஜாவிடம் கற்றோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. முன்கூட்டியே மக்களை வெளியேற்றியதற்கு முதல் நாள் பாராட்டுக் கிடைத்தது. அடுத்த நாட்களில் நிவாரணம் கேட்டுச் சாலை மறியல் நடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்ததில் கிராமங்கள் பல நாள் இருட்டில் கிடந்தன. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் இல்லை, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீரும் இல்லை. ஓரத்தில் துருப்பிடித்துக் கிடக்கும் கைபம்புக்கு அப்போதுதான் மரியாதை வரும். அதை ஐப்பசிக்கு முன்பே பழுது பார்க்கச் சொல்லி ஊராட்சியைக் கேளுங்கள்; கிராமசபையில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஏடிஎம் இயங்காது, கொஞ்சம் ரொக்கம் வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் இரண்டு வாரத்துக்கு. பட்டாவும் ரேஷன் அட்டையும் பிளாஸ்டிக் உறைக்குள். தென்னை வைத்திருப்பவர்கள் முற்றிய காய்களையும் அடி மட்டைகளையும் இறக்கிவிடுங்கள், தலைப்பாரம் குறையும். மரங்கள் நிற்கும்போதே தோப்பை ஒரு படம் எடுத்து வையுங்கள். விழுந்தபின் எத்தனை மரம் என்று கணக்குக் கேட்பார்கள்.

சில சின்னத் தவறுகள்: ஓடும் தண்ணீரில் பைக்கை இறக்குவது, நனைந்த வீட்டில் மெயின் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது, ஜெனரேட்டரை அறைக்குள் வைத்து ஓட்டுவது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

கடைசியாக, முகாமுக்கு வர மறுக்கும் பாட்டியைப் பிடிவாதக்காரி என்று திட்டுவது. பெரும்பாலும் காரணம் கொல்லையில் நிற்கும் மாடு, அல்லது முகாமில் பெண்களுக்குச் சரியான கழிப்பறை இல்லாதது. மாட்டை மேட்டில் அவிழ்த்துவிட ஓர் ஆள், பாட்டியை அழைத்துவர ஓர் ஆள் என்று தெருவாரியாக இப்போதே பெயர் எழுதி வையுங்கள். பக்கத்திலேயே மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநில அறையின் 1070 என்ற எண்களையும் சுவரில் கரியால் எழுதுங்கள். செல்போனில் சார்ஜ் இல்லாதபோதும் சுவரைப் படிக்கலாம்.