சேனலுக்கு மாதச் சந்தா தொடங்குகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆரணி, செய்யாறு பக்கத்துக் கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் பிடித்துப்போன ஒருவர், கூத்து ஆடும் களரி ஓரம் வந்து ஐம்பதோ நூறோ நீட்டுவார். கதையை அறிவித்துக் கோமாளித்தனமும் செய்யும் கட்டியக்காரன் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார் அன்பளிப்பு என்று கூட்டம் கேட்க அறிவிப்பார். கொடுத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போவார். ரசிகர் கலைஞருக்கு நேராகக் கொடுக்கும் பணம் நமக்குப் புதிதில்லை. யூடியூப் மெம்பர்ஷிப், பேட்ரியான், இன்ஸ்டாகிராம் சப்ஸ்கிரிப்ஷன் எல்லாம் அதை மாதக் கணக்காக்கியிருக்கின்றன. அந்த மாதக் கணக்கில்தான் நம்மில் பலர் சிக்கிக்கொள்கிறோம்.

நான் ஆற்காட்டிலிருந்து கூத்துப் பதிவுகள் போடும் சேனல் நடத்துகிறேன். மெம்பர்ஷிப் திறந்தது ஒரு பங்குனியில். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. ஒரே வாரத்தில் ஐந்து ராத்திரி எடுத்து ஹார்ட் டிஸ்க் நிறைய வைத்திருந்தேன். அந்தத் தைரியத்தில் 59, 159, 399 ரூபாய் என்று மூன்று அடுக்கு வைத்தேன். மாதம் நான்கு முழு ராத்திரிக் கூத்து, வாரம் ஒரு நேரலை, கேட்ட பாட்டைத் தனியாக வெட்டித் தருவது என்று அடுக்குக்கு அடுக்கு வாக்குக் கொடுத்தேன். ஐப்பசி வந்தது. மழையில் களரியெல்லாம் சேறு, எந்த ஊரிலும் ஆட்டம் இல்லை. கையிருப்பும் தீர்ந்துவிட்டது. பணம் மட்டும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு மாதம் நான் பட்ட சங்கடம் கடன்காரன் படுவது.

செய்த தவறு தெளிவானது: நன்றாக விளைந்த மாதத்தை வைத்துக் குத்தகை பேசிவிட்டேன். உங்களால் மிகக் குறைவாகத் தர முடிகிற மாதம் எதுவோ, அதை அளவாக வைத்து வாக்குக் கொடுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் சாவு, கேமரா ரிப்பேர் எல்லாம் நடக்கிற மாதத்திலும் தர முடிகிறதை மட்டும் எழுதுங்கள். முதல் வருஷம் ஒரே அடுக்கு போதும். இப்போது 500 சந்தாதாரர், 90 நாளில் 3 வீடியோ, ஓராண்டில் 3,000 மணி நேரப் பார்வை இருந்தாலே மெம்பர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று யூடியூப் வைத்திருக்கிறது. கதவு திறந்ததும் நுழைந்துவிட வேண்டியதில்லை. மூன்று மாதத்துச் சரக்கை முன்கூட்டியே சேர்த்து வைத்துவிட்டுத் திறங்கள்.

அடுத்தது கணக்கு. 100 பேர் 59 ரூபாய் கட்டினால் 5,900 வரும் என்று நினைத்து கேமராவுக்குத் தவணை போட்டவரை எனக்குத் தெரியும். யூடியூப் வரியைக் கழித்துவிட்டு மீதியில்தான் 70 சதவீதம் தருகிறது. வரியே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 4,130 தான். ஐபோன் ஆப்பிலிருந்து சேருகிறவர்களின் பணத்தில் ஆப்பிளின் பங்கும் முதலில் போகும். பேட்ரியானில் 2025 ஆகஸ்ட் 4க்குப் பிறகு பக்கம் தொடங்கியவர்களிடம் 10 சதவீதம் பிடிக்கிறார்கள், பணம் கைமாறும் செலவு அதற்கு மேல். யூடியூப் பணம் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் வங்கிக்கு வரும். சின்ன சேனலுக்கு அது மூன்று நான்கு மாதம்கூட ஆகலாம். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரிக்குத் தபாலில் ஒரு பின் நம்பர் வரும், கதவு எண்ணைச் சரியாகக் கொடுத்திருங்கள்.

யூடியூப் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விடுவது இன்னொரு தவறு. நிரப்பினால், அமெரிக்காவில் இருப்பவர்கள் மூலம் வந்த பணத்தில் மட்டும், நம் நாட்டு ஒப்பந்தப்படி 15 சதவீதம் பிடிப்பார்கள். நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை போகலாம். இங்கே வருமான வரிக்கும் இதைக் காட்டியாக வேண்டும். வீட்டுச் செலவுக் கணக்கில் கலக்காமல் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டால் ஆடிட்டர் முன்னால் விழிக்க வேண்டியிருக்காது.

ஒருவர் விலகினால் கோபித்துக்கொண்டார் என்று நினைத்துவிடாதீர்கள். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் போக வேண்டும், கார்டைப் பதிவு செய்யும்போது ஓடிபி வேண்டும். கார்டு காலாவதியானாலே சந்தா அறுந்துவிடும், பலருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. குழுவில் பெயர் போட்டுக் குத்திக் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிக் காட்டினால் இருக்கிறவரும் போய்விடுவார்.

குடியாத்தத்தில் சமையல் வீடியோ போடும் அக்கா ஒருவர், 30 சதவீதம் மிச்சமாகுமே என்று தன் ஜிபே நம்பரை வீடியோவுக்குக் கீழே போட்டார். ஒரே வாரத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் போன் வர ஆரம்பித்தது. காசு அனுப்பியவன் தனக்கு உரிமை இருப்பதுபோலப் பேசினானாம். "நம்பர மாத்திட்டா பலகார ஆர்டரும் போயிடும் தம்பி" என்று அழுதார். மிச்சமான தொகை அந்த ஒரு ராத்திரிக்குக்கூடப் பெறாது. சந்தா தளம் எடுக்கிற பங்கில் உங்கள் நம்பருக்கும் முகவரிக்கும் போடுகிற திரையும் அடக்கம். உறுப்பினருக்கு மட்டும் என்று பூட்டிய வீடியோவும் பூட்டியே இருக்காது. திரையைப் பதிவு செய்து டெலிகிராமில் போட ஒரு ஆள் போதும். வீட்டுப் பிள்ளைகள், வாசல், பள்ளிச் சீருடை எதுவும் அங்கே வேண்டாம்.

நான் செய்ததில் பெரிய தவறு வேறு. ஒரு விடியற்காலை, திரௌபதியின் துகிலுரியும் கதையான துகில் கூத்து முடிந்து, ஜமா என்கிற ஆட்டக் குழு கலைந்துகொண்டிருந்தது. தோளில் கட்டும் புஜக்கீர்த்தியைக் கழற்றி வைத்துவிட்டு, தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஜமாவின் வாத்தியார் கேட்டார்: "இன்னா தம்பி, எங்க ஆட்டத்தப் பாக்க மாசா மாசம் பணம் கட்றாங்களாமே, மெய்யாலுமா?" அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதிவு செய்ய அனுமதி கேட்டிருந்தேன். விற்பதற்குக் கேட்கவில்லை. நிகழ்த்தும் கலைஞருக்குத் தன் நிகழ்ச்சியின் பதிவில் 50 ஆண்டு உரிமை உண்டு என்கிறது நம் பதிப்புரிமைச் சட்டம். சட்டத்தை விடுங்கள், ராத்திரி முழுக்கத் தொண்டை கிழியப் பாடியவர் அவர், நான் முக்காலி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவன்.

நெசவு, பலகாரம், கூத்து, பாட்டியின் கைவைத்தியம் என்று அடுத்தவர் கைத்திறனைப் படம் எடுக்கிறவர்கள் முதல் நாளே பங்கைப் பேசுங்கள். அரைப் பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: எத்தனை சதவீதம், எந்தத் தேதி, நிறுத்தச் சொன்னால் வீடியோவை எடுப்போமா. எங்களுக்குள் பாதிக்குப் பாதி. பணம் வந்த மறுநாளே வாத்தியாரின் தம்பி மகன் கணக்குக்குப் போட்டுவிட்டு, யூடியூப் கணக்கின் ஸ்க்ரீன்ஷாட்டையும் அனுப்பிவிடுகிறேன்.

அடுத்த ஐப்பசியில் மூன்று அடுக்கையும் எடுத்துவிட்டு 59 மட்டும் வைத்தேன். என்ன தருவது என்று வாத்தியாரிடமே கேட்டேன். அவர் வீட்டுத் திண்ணையில், வெளியே மழை ஊற்ற, கட்டியக்காரன் வேஷம் கட்டுகிறவரை வரவழைத்தார். நான் தாளில் எழுதிக் கொடுத்த பெயர்களை அவர் ஆர்மோனியத்துக்கு நடுவே ஒவ்வொன்றாக, ஊர்ப் பெயரோடு அறிவித்தார். யார் யாருக்குச் சம்மதம் என்று முன்பே கேட்டு வைத்திருந்தேன். ஆறு நிமிஷ வீடியோ. மஸ்கட்டில் இருக்கும் போளூர்க்காரர் ஒருவர் அடுத்த நாள் எழுதினார்: "அண்ணா, எங்கப்பா பேரையும் சேத்துச் சொல்லச் சொல்லுங்க, இன்னார் மகன்னு."