புற்றுநோய் சிகிச்சையில் உள்ள நாயின் சிறுநீர்ப்பைத் தொற்றைக் கவனிப்பது எப்படி?

கீமோதெரபி மருந்துகள் எலும்பு மஜ்ஜையில் உருவாகி, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்களையும் குறைத்துவிடுகின்றன. பல மருந்துகளில், மருந்து செலுத்திய 7 முதல் 10 நாட்களில் அந்த எண்ணிக்கை மிகவும் கீழே இறங்கும். அந்த நாட்களை முன்கூட்டியே காலண்டரில் குறித்துவைத்து, நாய் சிறுநீர் கழிக்கும் ஒவ்வொரு முறையும் அருகில் நின்று பாருங்கள்.

அடிக்கடி உட்கார்ந்து முக்கிச் சில சொட்டுகளே விட்டு எழுவது, இரண்டடி நடந்து மீண்டும் உட்காருவது, பிறப்புறுப்பை ஓயாமல் நக்குவது, நன்கு பழகிய நாய் வீட்டுக்குள்ளேயே நனைத்துவிடுவது ஆகியவை முக்கிய அறிகுறிகள். சந்தேகம் இருந்தால் தரையில் விழுந்த சிறுநீரை வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். இளஞ்சிவப்புக் கறை தெரிந்தால் அதில் இரத்தம் கலந்திருக்கக்கூடும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து சாப்பிடும் நாய்க்குத் தாகமும் சிறுநீரின் அளவும் எப்படியும் கூடும். அந்த மருந்து அழற்சியையும் அடக்கிவிடுவதால், தொற்று வெளியே தெரியாமலும் இருக்கலாம்.

இரத்தம் கண்டவுடன் தொற்று என்று முடிவு கட்டாதீர்கள். சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோதெரபி மருந்து உடலில் சிதையும்போது உண்டாகும் அக்ரோலீன், கிருமியே இல்லாமல் சிறுநீர்ப்பைச் சுவரைப் புண்ணாக்கும். அப்போது ஆன்டிபயாடிக் பயன் தராது. மருத்துவர் அந்த மருந்தையே நிறுத்த வேண்டியிருக்கும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், முதல் ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு முன்பே சிறுநீர் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும்) பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். வயிற்றின் வழியே ஊசியால் நேரடியாக எடுக்கும் சிறுநீரே இதற்கு மிகவும் ஏற்றது. ஆனால் சிறுநீர்ப்பையில் கட்டி உள்ள நாய்க்கு ஊசி வழியே புற்றுச் செல்கள் பரவும் அபாயம் உண்டு என்பதால் வேறு முறையை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். வெள்ளையணுக்கள் குறைந்த நாயின் சிறுநீரில் சீழ்ச்செல்கள் தென்படாமலே தொற்று இருக்கக்கூடும் என்பதால், சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையை மட்டும் நம்பிவிட முடியாது.

வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக்கைக் கொடுக்க வேண்டாம். கல்ச்சர் முடிவு குழம்புவதோடு, மருந்துக்கு அடங்காத கிருமியும் வளரும். மனிதர்களுக்கான பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளையும் தொடாதீர்கள். எப்போதும் தண்ணீர் கிடைக்கச் செய்து, சிறுநீரை அடக்கவிடாமல் இரவிலும் ஒருமுறை வெளியே அழைத்துச் செல்லுங்கள். மருந்து செலுத்திய முதல் சில நாட்கள் சிறுநீரில் அதன் எச்சம் இருக்கும் என்பதால், கையுறை அணிந்தே துடையுங்கள்.

ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் தெர்மாமீட்டர் 39.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, நாய் சோர்ந்து உணவை மறுத்தாலோ, விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். முக்கியும் ஒரு சொட்டுகூட வராவிட்டால் அது அடைப்பாக இருக்கலாம், உடனே கிளம்புங்கள்.