சர்வீஸ் நாயுடன் அமெரிக்காவில் விமானப் பயணம்: முதல் முறை போகிறவர்களுக்கு

என் மகளுக்கு வலிப்பு நோய் உண்டு. வலிப்பு வந்தால் அவளை ஒட்டிப் படுத்துக்கொள்ளவும், குரைத்து எங்களைக் கூப்பிடவும் பழகியவன் எங்கள் லாப்ரடார் மிலோ. மூன்று பேரும் முதல் முறை விமானத்தில் போனபோது, இரண்டாவது விமானத்தின் வாசலில் எங்களை நாற்பது நிமிடம் நிறுத்திவைத்துவிட்டார்கள். பிள்ளை அழுதுவிட்டாள். வேறு எந்தக் குடும்பமும் அப்படி நிற்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாயைப் பழக்குவது பற்றி இங்கே சொல்லப்போவதில்லை. பொது இடத்தில் அமைதியாக இருக்கத் தெரிந்த நாய் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: உங்கள் நாய் எந்த வகை?

2021 ஜனவரி 11 முதல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி மாறிவிட்டது. ஒருவரின் உடல் அல்லது மனக் குறைபாட்டுக்கு உதவும் ஒரு வேலையைச் செய்யத் தனியாகப் பழக்கப்பட்ட நாய் மட்டும்தான் விமானத்தில் சர்வீஸ் அனிமல். எமோஷனல் சப்போர்ட் அனிமலை, அதாவது கூட இருந்து மன ஆறுதல் மட்டும் தரும் பிராணியை, சாதாரண செல்லப்பிராணியாக நடத்த விமான நிறுவனங்களுக்கு உரிமை உண்டு. மனநல மருத்துவரின் கடிதத்தைக் காட்டிக் கட்டணமில்லாமல் போன காலம் முடிந்துவிட்டது. இப்போது கட்டணம் கட்டி, முன் இருக்கைக்கு அடியில் போகும் பெட்டிக்குள் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு விமானத்தில் இத்தனை செல்லப்பிராணிகள்தான் என்று கணக்கு வைத்திருப்பார்கள். அதனால் டிக்கெட் போடும் முன்பே போன் செய்து இடம் கேளுங்கள்.

மனநோய்க்காக நாய் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சோர்ந்துவிட வேண்டாம். பதற்றம் வரும்போது மடிமேல் ஏறி அழுத்துவது, கெட்ட கனவு கண்டால் எழுப்புவது போன்ற வேலைகளுக்கு நாயைப் பழக்கியிருந்தால் அது சைக்கியாட்ரிக் சர்வீஸ் டாக். மிலோவுக்கு உள்ள அதே உரிமை அதற்கும் உண்டு. பக்கத்தில் இருந்தால் மனதுக்கு நிம்மதி என்பது மட்டும் சட்டத்தின் கணக்கில் வேலை ஆகாது.

இணையத்தில் 'பதிவுச் சான்றிதழ்', அடையாள அட்டை என்று விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். சர்வீஸ் நாய்களுக்கு மத்திய அரசுப் பதிவேடு என்று ஒன்று இல்லவே இல்லை. நாயை நீங்களே பழக்கியிருந்தாலும் சட்டப்படி செல்லும்.

படி 2: டிக்கெட், இருக்கை

சர்வீஸ் நாய்க்குக் கட்டணம் கிடையாது. முதல் வரிசைத் தடுப்புக்குப் பின்னால் உள்ள இருக்கை வேண்டுமா, வேறு இருக்கை வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். கேட்டால் கொடுத்தாக வேண்டும். அவசர வழி வரிசை மட்டும் கிடைக்காது. ஜன்னலோரம்தான் என் தேர்வு. நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தால் உணவு வண்டி வாலில் ஏறிவிடும்.

படி 3: ஃபார்ம் (இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன்)

போக்குவரத்துத் துறையின் சர்வீஸ் அனிமல் ஃபார்ம் அவர்கள் தளத்தில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். போனில் நிரப்பினால் சில கட்டங்கள் காலியாகவே சேமிக்கப்படுகின்றன. கம்ப்யூட்டரில் அடோபி ரீடரில் நிரப்புங்கள். ரேபிஸ் ஊசி போட்ட தேதி, அது காலாவதியாகும் தேதி, கால்நடை மருத்துவரின் பெயர், போன் எண், பழக்கியவர் யார் என்பதெல்லாம் கேட்பார்கள். மருத்துவரின் கையெழுத்து வேண்டாம். பழக்கியது நீங்கள்தான் என்றால் உங்கள் பெயரையே போடலாம். பிள்ளைக்காக நாயைக் கொண்டுபோகும் பெற்றோரும் ஹேண்ட்லர் (நாயைக் கையாள்பவர்) தான், அதனால் அந்த இடத்தில் என் பெயரையும், நாயைப் பயன்படுத்துபவர் என்ற இடத்தில் மகளின் பெயரையும் எழுதினேன். தெரிந்தே பொய் எழுதினால் மத்திய அரசுச் சட்டப்படி குற்றம்.

பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே ஃபார்மைக் கொடுத்துவிட வேண்டும் என்று கேட்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அதற்குப் பிறகு அவசரமாக டிக்கெட் போட்டால் விமான நிலையத்திலேயே கொடுக்கலாம்.

சரி, நான் எங்கே தவறினேன்? டிக்கெட் வாங்கியது ஒரு நிறுவனத்தில். ஃபார்மை அவர்களுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பி, ஒப்புதல் மின்னஞ்சலும் வந்துவிட்டது. ஆனால் இரண்டாவது விமானத்தை இயக்கியது அவர்களுடைய கூட்டாளி நிறுவனம். டிக்கெட்டில் 'ஆபரேட்டட் பை' என்று பொடி எழுத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. வாசலில் இருந்தவரின் திரையில் மிலோ என்று ஒரு நாயே இல்லை.

அதனால் ஒவ்வொரு விமானத்தையும் இயக்குவது யார் என்று பாருங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக ஃபார்ம் அனுப்புங்கள். அப்புறம் போன் செய்து, முன்பதிவில் நாய் ஏறிவிட்டதா என்று வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்யுங்கள். அச்செடுத்த பிரதி இரண்டு கைப்பையில் இருக்கட்டும். அன்று எங்களைக் காப்பாற்றியது அந்தத் தாள்தான்.

ஒரு விமானம் மட்டுமே 8 மணி நேரமோ அதற்கு மேலோ பறக்குமானால் இன்னொரு ஃபார்ம் கேட்பார்கள். நாய் வழியில் சிறுநீர், மலம் கழிக்காது, அல்லது அசுத்தமில்லாமல் கழிக்கும் என்ற உறுதிமொழி அது.

படி 4: வீட்டில் ஒத்திகை

நாய் உங்கள் கால் வைக்கும் இடத்துக்குள் அடங்க வேண்டும். தரையில் டேப் ஒட்டி அந்த அளவுக்கு ஒரு கட்டம் போடுங்கள், நாற்காலியை அதன் பின்னால் வையுங்கள், நாயை உள்ளே சுருண்டு படுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் தொடங்கி இரண்டு மணி நேரம் வரை கொண்டுபோனோம். மூன்று வாரம் பிடித்தது. வழக்கமாகப் படுக்கும் மெல்லிய விரிப்பையே விமானத்திலும் போட்டோம், மிலோ உடனே படுத்துவிட்டான்.

படி 5: விமான நிலையம்

பாதுகாப்புச் சோதனையில் நாயை உங்களிடமிருந்து பிரிக்க மாட்டார்கள். கழுத்துப்பட்டையோ ஹார்னெஸோ கழற்ற வேண்டியதில்லை. மெட்டல் டிடெக்டர் ஒலித்தால், நாயைச் சோதித்து முடிக்கும் வரை கயிறு தவிர வேறெங்கும் அதைத் தொடாதீர்கள். இடுப்பில் மாட்டும் கயிறுதான் நல்லது, இரண்டு கையும் பிள்ளைக்குக் கிடைக்கும். நாய்கள் சிறுநீர் கழிக்கும் இடம் எங்கே என்று முதல் நாளே விமான நிலைய வரைபடத்தில் பார்த்துவையுங்கள்.

ஊழியர்கள் இரண்டு கேள்வி கேட்கலாம்: குறைபாட்டுக்காகத்தான் இந்த நாய் தேவைப்படுகிறதா? என்ன வேலைக்குப் பழகியிருக்கிறது? என்ன நோய் என்று கேட்கவும், வேலையைச் செய்துகாட்டச் சொல்லவும் கூடாது. எங்கள் பதில் ஒரே வரி: "வலிப்பு வந்தால் ஒட்டிப் படுத்துக் குரைத்து உதவி கூப்பிடும்." நீங்களும் ஒரு வரி தயார் செய்துகொள்ளுங்கள்.

யாராவது மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். "சிஆர்ஓவிடம் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிப் பயணிகளின் புகாரைத் தீர்க்கும் அதிகாரி அவர். நேரிலோ போனிலோ அவரை வரவழைக்க நிறுவனம் கடமைப்பட்டது. எனக்கு இது தெரியாமல்தான் முப்பது நிமிடம் வீணாயிற்று. அவர் போனில் வந்ததும் பத்தே நிமிடத்தில் ஏற்றிக்கொண்டார்கள். கடைசிவரை மறுத்துவிட்டால், காரணத்தை 10 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும்.

பின்சேர்க்கை: இந்தியா போய்விட்டு நாயுடன் திரும்புவது பற்றி வாசகி ஒருவர் கேட்டிருந்தார். இது வேறு கதை. நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் பட்டியலில் இந்தியா நாய் ரேபிஸ் ஆபத்து அதிகமுள்ள நாடு. 2024 ஆகஸ்ட் 1 முதல், திரும்பி வரும் எந்த நாய்க்கும், சர்வீஸ் நாய் உட்பட, மைக்ரோசிப்பும் சிடிசி இறக்குமதி ஃபார்ம் ரசீதும் வேண்டும், வயது 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அமெரிக்காவில் ஊசி போட்டதற்கான சிடிசி சான்றிதழை, கிளம்புவதற்கு முன்பே வேளாண் துறை அங்கீகரித்த கால்நடை மருத்துவரிடம் நிரப்பி, அந்தத் துறையின் ஒப்புதலையும் பெற்றுவிடுங்கள். மறந்துவிட்டுப் போனால், திரும்பும்போது ரத்தப் பரிசோதனை, சிடிசி பதிவு பெற்ற நிலையத்தில் முன்பதிவு என்று நீண்டுவிடும்.