ஷட்டரைத் திறந்தது யார்? ஆங்கிலச் செய்தி வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பம், கூடலூர் பகுதிகளில் முல்லைப் பெரியாறு பற்றிய ஆங்கிலச் செய்தியைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் நீர்மட்டத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். எண் சரியாக இருந்துவிட்டால் செய்தியும் சரி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். எண்ணில் ஓர் அங்குலமும் மாறாமலே வாக்கியம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட முடியும்.

2021 டிசம்பரில் அணையின் ஷட்டர்கள் இரவில் திறக்கப்பட்டபோது, போதிய முன்னறிவிப்பு இல்லை என்று கேரளம் குறைபட்டது. தமிழ்நாடு அதை மறுத்தது. இதையே 'தமிழ்நாடு இரவில் ஷட்டர்களைத் திறந்தது' என்று எழுதினால், செய்தவர் ஒருவர், அணைக்குக் கீழே கேரளத்தில் உள்ள வண்டிப்பெரியாற்றில் தண்ணீருக்கு அஞ்சி விழித்திருந்தவர் இன்னொருவர் என்று காட்சி அமைந்துவிடுகிறது. 'நீர்மட்டம் உயர்ந்ததால் ஷட்டர்கள் திறக்கப்பட்டன' என்றால் திறந்த கை மறைந்து, பொறுப்பு மழையின் தலையில் விழுகிறது. இரண்டிலும் பொய்யில்லை. ஆகவே வாக்கியத்தின் எழுவாய் யார் என்று பார்க்காமல் அடுத்த பத்திக்குப் போகக் கூடாது.

அடைமொழியை வெறும் தகவலாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. அணை 1895-இல் திறக்கப்பட்டது, எனவே 'நூறாண்டைக் கடந்த அணை' என்பது உண்மையே. ஆனால் பின்னர் நடந்த பலப்படுத்தும் பணிகளையும், 142 அடிவரை தேக்கலாம் என்ற 2006, 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளையும் விட்டுவிட்டு வயதை மட்டும் சொன்னால் அச்சமே மிஞ்சும். தீர்ப்பை மட்டும் சொல்லி, கீழே வாழ்பவர்களின் அச்சத்தை விட்டுவிடுவதும் அதே சாய்வுதான். இதை நம் பக்கத்தவர்கள் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.

ஆந்திர எல்லையில் பெயர்ச்சொல்லே வழக்கை முடித்துவிடுகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் போலீசார் சுட்டு இறந்த 20 தமிழர்களை 'ஸ்மக்ளர்' (கடத்தல்காரர்) என்றால் குற்றம் முடிவாகிவிட்டது. 'வுட்கட்டர்' என்றால் கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள். 'என்கவுன்டர்' என்பதை 'மோதல்' என்று பெயர்த்தாலோ, இரு தரப்பும் சண்டையிட்டதாக நாமே சாட்சி சொன்னவர்கள் ஆகிறோம்.

இவற்றுக்கெல்லாம் செய்தியாளரைத் திட்டுவதும் பெரும்பாலும் பிழையே. தலைப்பை வைப்பவர் வழக்கமாக அலுவலகத்தில் இருக்கும் உதவி ஆசிரியர். செய்தியாளர் ஐந்தாம் பத்தியில் எழுதிய மறுப்பு, தலைப்பின் சிறிய இடத்தில் அடங்காமல் போயிருக்கலாம். அந்த ஐந்தாம் பத்திவரை படித்துவிட்டுக் கோபப்படலாம்.