குவேக்கர் குடும்பத்தின் வேரைத் தேட: சபைக் குறிப்பேடும் நிலப் பத்திரமும்

பரம்பரை தேடுகிறவர்கள் பெரும்பாலும் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் புறப்படுவார்கள். காலனிக்கால அமெரிக்காவின் குவேக்கர் (பாதிரியார் இல்லாமல் கூடி வழிபட்ட கிறிஸ்தவப் பிரிவினர்) குடும்பம் என்றால் பெயரைச் சற்று ஓரமாக வையுங்கள். எந்தச் சபை என்பதுதான் முதல் கேள்வி. உதாரணமாக, கென்டக்கிக் காடுகளுக்கு வழி திறந்த டேனியல் பூனின் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அப்பா ஸ்குவயர் பூன், இங்கிலாந்தின் டெவனிலிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்த நெசவாளர். (ஸ்குவயர் என்பது இங்கே பட்டமல்ல, பெயர். ஒரு மகனுக்கும் அதே பெயர், கவனம்.)

படி 1: மாதக் கூட்டத்தைக் கண்டுபிடியுங்கள்

குவேக்கர்களிடம் ஞானஸ்நானம் இல்லை, அதனால் ஞானஸ்நானப் பதிவேடும் இல்லை. ஆரம்பகாலக் கல்லறைகளில் பெயர் பொறித்த கல்லும் அரிது. பிறப்பு, இறப்பு, திருமணம், ஊர்மாற்றம் எல்லாவற்றையும் எழுதிவைத்தது மாதக் கூட்டம்தான், அதாவது மாதம் ஒருமுறை நிர்வாகத்துக்காகக் கூடும் வட்டாரச் சபை. பூன் குடும்பத்துக்கு முதலில் குவினெட், பிறகு எக்ஸெட்டர். பிலடெல்பியா வட்டார ஏடுகள் ஸ்வார்த்மோர், ஹேவர்ஃபர்ட் கல்லூரிகளில் உள்ளன. ஆன்செஸ்ட்ரி என்ற பரம்பரைத் தேடல் தளத்திலும் கட்டணத்துக்குப் பார்க்கலாம். குவேக்கர் சபை ஏடுகளைச் சுருக்கித் தந்த வில்லியம் வேட் ஹின்ஷாவின் தொகுதிகள் நல்ல வழிகாட்டி. ஆனால் அவை சுருக்கம்தான், அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

திருமணச் சான்று கிடைத்தால் விருந்துதான். பாதிரியார் கிடையாது, வந்திருந்தவர்களே சாட்சியாகக் கையெழுத்திட்டார்கள். ஒரு பெயர் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் சில நிலப் பத்திரத்தில் மறுபடி வரும்.

படி 2: தேதியை மாற்றுங்கள்

மாதங்களுக்கு அவர்கள் எண்தான் இட்டார்கள். பிரிட்டன் நாட்காட்டியை மாற்றிய 1752க்கு முன்பு முதல் மாதம் என்றால் மார்ச். டேனியல் பிறந்தது 1734, 8ஆம் மாதம் 22 என்றால் அது ஆகஸ்ட் அல்ல, அக்டோபர். இன்றைய நாட்காட்டிப்படி நவம்பர் 2. புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்ததால், 1734 டிசம்பருக்கு அடுத்து வந்த பிப்ரவரியும் 1734தான். மூலத்தில் உள்ளதை அப்படியே எழுதி, மாற்றியதைப் பக்கத்தில் தனியாகக் குறியுங்கள்.

படி 3: கண்டிப்புகளைப் படியுங்கள்

சச்சரவு இல்லாத குடும்பம் பிறப்பு, இறப்போடு முடிந்துவிடும். தகராறு செய்த குடும்பத்தைப் பற்றித்தான் சபை பக்கம் பக்கமாக எழுதியது. 1742இல் மகள் சாரா சபைக்கு வெளியே மணந்ததற்காகப் பெற்றோர் பகிரங்கமாக வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. 1747இல் மூத்த மகன் இஸ்ரேலும் சபைக்கு வெளியே மணந்தார். இம்முறை ஸ்குவயர் மகன் பக்கமே நின்றார், சபை ஸ்குவயரை நீக்கிவிட்டது. அவர் மனைவியோ பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கூட்டங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். ஆகவே அப்பா பெயர் மறைந்தது என்று ஏட்டை மூடிவிடாதீர்கள். ஆண்கள், பெண்கள் கூட்டங்களுக்குத் தனித்தனிக் குறிப்பேடுகள் உண்டு, இரண்டையும் பாருங்கள்.

படி 4: நிலத்துக்கு வாருங்கள்

1681இல் வில்லியம் பென்னுக்கு மன்னர் சாசனம் கொடுத்த பிறகு பென்சில்வேனியா நிலம் பென் கையிலிருந்துதான் வந்தது. விண்ணப்பம், வாரன்ட் (நிலத்தை அளக்க ஆணை), சர்வே, சர்வே அறிக்கை, பேட்டன்ட் (முடிவான உரிமைப் பத்திரம்) என்பது வரிசை. இந்தத் தாள்கள் ஹாரிஸ்பர்க் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதற்குப் பிந்தைய கிரயங்கள் கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) பதிவகத்தில். பல பத்திரங்கள் பதிவாகவே இல்லை, ஆனால் பிந்தைய பத்திரத்தின் தொடக்கத்தில் நிலம் கைமாறிய கதை இருக்கும். நம் ஊரில் தாய்ப்பத்திரம் தேடியவர்களுக்கு இது பழக்கமான வேலை. எல்லையாக ஓக் மரமும் பக்கத்து நிலத்துக்காரர் பெயரும் வரும். நீளம் பேர்ச்சில்: ஒரு பேர்ச் 16.5 அடி, 160 சதுரப் பேர்ச் ஒரு ஏக்கர். இன்றும் காணியைப் பேர்ச்சில் அளக்கும் இலங்கை வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

படி 5: கவுன்டி எல்லையைச் சரிபாருங்கள்

பூன் வீடு இன்று பெர்க்ஸ் கவுன்டியில் இருக்கிறது. அந்தக் கவுன்டியோ 1752இல்தான் உருவானது, குடும்பம் 1750இலேயே கிளம்பிவிட்டது. எனவே தேட வேண்டியது பிலடெல்பியா கவுன்டியில். நிலத்தை வாங்கியவர் வில்லியம் மாக்ரிட்ஜ். ஸ்குவயரின் அம்மா பிறந்த வீட்டுப் பெயரும் மாக்ரிட்ஜ்தான்! சபை ஏட்டைப் பார்த்திராவிட்டால் இந்த உறவு கண்ணில் பட்டிருக்காது.

அவர்கள் போய்ச் சேர்ந்தது வட கரோலினாவின் யாட்கின் பள்ளத்தாக்கு. அங்கே நிலம் கிரான்வில் பிரபுவுடையது, அவர் நிலம் வழங்கிய மானியப் பதிவுகளைப் பாருங்கள். ரோவன் கவுன்டி 1753இல் பிறந்தது. அதற்கு முந்தையவற்றுக்கு ஆன்சன் கவுன்டி.