வயிறு முன்னால் வந்தபின் நோயாளியை நகர்த்துவது எப்படி

எனக்கு 53 வயது, 79 கிலோ. ஆர்த்தோ வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு நைட் டியூட்டியில், கால்மாட்டுக்குச் சறுக்கிவிட்ட தாத்தா ஒருவரை நானும் ஆயாம்மாவும் அக்குளில் கைகொடுத்து மேலே தூக்கினோம். இடுப்பில் சுரீரென்றது. மூன்று வாரம் படுக்கை.

“குனியாதீங்க, முட்டியை மடக்குங்க” என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 25 வயது முட்டிக்குச் சரி. என் முட்டி மடங்கினால் நிமிர நேரமாகும்.

உண்மையான சிக்கல் தூரம்தான். தொப்பை நடுவில் நிற்பதால் பாரம் முதுகெலும்பை விட்டுத் தள்ளிப் போகிறது. அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்புடைய கணக்கில், எல்லாம் சாதகமாக இருந்தால் 25 செ.மீ. தூரத்தில் ஒரு பெட்டியை 23 கிலோ வரை தூக்கலாம்; அதே பெட்டி 50 செ.மீ. தள்ளியிருந்தால் பாதிதான். அசையும், வழுக்கும் மனித உடம்புக்கு உச்சவரம்பு சுமார் 16 கிலோ. 70 கிலோ ஆளின் ஒரு கால் மட்டுமே ஏறக்குறைய 11 கிலோ. அதன்மேல் மாவுக்கட்டு வேறு! வயதானால் முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டுகளில் (டிஸ்க்) நீர் குறையும், தசையும் குறையும். அதனால் நான் இப்போது தூக்குவதில்லை, இழுக்கிறேன்.

முதலில் கட்டிலை என் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுவேன். கைப்பிடி துருப்பிடித்துச் சுற்றவில்லை என்றால் அன்றே எழுதிக் கொடுத்துவிடுவேன். மூச்சுத்திணறல் போன்ற தடை இல்லையென்றால் தலைமாட்டைத் தட்டையாக்குவேன். ஏற்றத்தில் இழுப்பது வீண் வம்பு. டிரா ஷீட், அதாவது நோயாளிக்கு அடியில் குறுக்கே விரிக்கும் துணி, தோளிலிருந்து தொடை வரை இருக்க வேண்டும். அதன் ஓரத்தை நோயாளியின் உடம்பு வரை சுருட்டிப் பிடித்தால் கை நீள வேண்டியதில்லை. பக்கத்துக்கு ஒருவர். ஒரு கால் தலைமாட்டுப் பக்கம், ஒரு கால் கால்மாட்டுப் பக்கம். நோயாளியின் நல்ல காலை மடக்கி ஊன்றச் சொல்லி, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றதும் உடல் எடையைத் தலைமாட்டுக் காலுக்கு மாற்ற வேண்டும். இந்த ஒரு வேலைக்கு என் 79 கிலோ உதவிதான்! கனமான ஆளென்றால் நால்வர் வரும்வரை காத்திருப்பேன். முனகுபவர்கள் முனகட்டும்.

யூரின் பையைக் காலி செய்ய ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். நடக்கும்போது விழப்போகிறவரைத் தாங்கிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். தலையைக் காத்து, உங்கள் மேல் சாய்த்துத் தரையில் இறக்குங்கள். இடுப்பு பெல்ட் வாங்கி ஏமாறாதீர்கள். அடிபடாத முதுகை அது காக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை.

அப்புறம், முதுகு லேசாகப் பிடித்துக்கொண்டாலும் அன்றைய டியூட்டி முடிவதற்குள் ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதுங்கள். நான் அன்று எழுதவில்லை. “வெயிட்டு போட்டுட்டீங்க சிஸ்டர், அதான்” என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.