200 நிமிடங்களுக்கு ஓர் ஐந்தொகை: கூடைப்பந்து அணித் தேர்வில் வாதிடும் முறை

காரைக்குடி வட்டாரக் கல்லூரிகளில் அணித் தேர்வு நெருங்கிவிட்டால், மைதானத்து ஓரத்திலும் டீக்கடைப் பெஞ்சிலும் ஒரே பேச்சுத்தான்: பன்னிரண்டு பேர் யார், முதல் ஐவர் யார், பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு யார், கூடைக்கு அருகிலான போஸ்ட்டில் யார் நிற்பது. விடியற்காலையில் கைப்பேசியில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ. ஆட்டம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அங்குள்ள அணிகளைப் பற்றியும் இதே கேள்விகளைத்தான் கேட்டுக்கொள்கிறார்கள். இரண்டு வாதங்களும் பெரும்பாலும் ஒரே காரணத்தால் முடிவுக்கு வராமல் நிற்கின்றன. இரண்டுமே ஆளின் பெயரிலிருந்து தொடங்குகின்றன. பெயரைச் சொன்னவுடன் நட்பும் ஊரும் பழைய ஆட்டத்தின் நினைவும் உள்ளே வந்துவிடும், அணிக்கு என்ன தேவை என்பது வெளியே போய்விடும்.

ஆகவே பெயர்களை எழுதும் முன் ஒரு தாளில் தொகையை எழுதுங்கள். பன்னாட்டு விதிப்படி ஆட்டம் 10 நிமிடம் கொண்ட 4 கால்பகுதிகள், களத்தில் ஐவர், எனவே ஓர் அணிக்குப் பங்கிடக் கிடைப்பவை 200 நிமிடங்கள். அமெரிக்கக் கல்லூரி ஆடவர் ஆட்டம் இருபது நிமிடம் கொண்ட இரு பாதிகளாக நடந்தாலும் தொகை அதே 200தான். என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம் என்பதால் அங்கே 240. இந்தத் தொகை யாருடைய திறமைக்காகவும் கூடிவிடாது. ஆண்டு முடிவில் பற்றும் வரவும் நேராகும்வரை பேரேட்டை மூடாமல் ஐந்தொகை போட்டுப் பழகிய செட்டிநாட்டுக்கு இந்தக் கணக்கைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

முதல் ஐவருக்கு 34, 32, 30, 28, 26 என்று கொடுத்தால் 150 தீர்ந்துவிடும். மீதி 50 நிமிடத்தை 20, 14, 10, 6 என்று நால்வருக்குப் பகிரலாம். பட்டியலில் பன்னிரண்டு பெயர் இருந்தாலும் கடும் ஆட்டத்தில் களம் காண்பவர் எட்டு அல்லது ஒன்பது பேர்தான் என்பது அப்போது கண்ணெதிரே தெரியும். என்.பி.ஏ. அணி வழக்கமான ஒப்பந்தத்தில் 15 பேரையும் வளர்ச்சி லீகுக்கும் என்.பி.ஏ.வுக்கும் இடையே மாறி ஆடும் இருவழி ஒப்பந்தத்தில் மூவரையும் வைத்திருக்கலாம். நெருக்கடியான ஆட்டங்களில் அங்கும் நிலைமை ஏறத்தாழ இதுவேதான். நம் ஊர்க் கோடையில், பகல் முழுவதும் காய்ந்த சிமென்ட் தரை மாலை ஐந்து மணிக்கும் ஷூவின் அடிப்பகுதி வழியாகச் சுடும்போது, ஒருவருக்கு 34 நிமிடம் என்று எழுதுவதையே நான் தயக்கத்தோடுதான் செய்வேன்.

இந்தத் தாளிலிருந்து வாதத்துக்கு ஒரே விதி பிறக்கிறது: புதிய பெயரைச் சொல்கிறவர், அவருக்கான நிமிடத்தை யாரிடமிருந்து எடுப்பது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒருமுறை, தேர்வுக்கு முந்தைய மாலையில் மூத்த ஆட்டக்காரர் ஒருவர், “அந்த மூணாம் வருசப் பையனை எப்படி மாஸ்டர் விடுறது?” என்று மிகுந்த வருத்தத்தோடு கேட்டார். பயிற்சியாளர் தாளை அவர் பக்கம் திருப்பி வைத்து, “விட வேண்டாம் தம்பி. யாரு நிமிசத்தை எடுக்கலாம், நீயே எழுது” என்று பென்சிலைக் கொடுத்தார். மூத்தவர் வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருவரின் 14ஐ 10 ஆக்கி, இன்னொருவரின் 20ஐ 16 ஆக்கி, அந்த மூன்றாம் ஆண்டு மாணவருக்கு 8 என்று எழுதினார். அந்த எட்டு நிமிடத்துக்குள் அவர் என்ன செய்வார் என்று பேசத் தொடங்கிய பிறகுதான் அது உருப்படியான வாதமாயிற்று.

அடுத்தது நிலைகள். பாயிண்ட் கார்டு, ஷூட்டிங் கார்டு, ஸ்மால் ஃபார்வர்டு, பவர் ஃபார்வர்டு, சென்டர் என்ற ஐந்து பெயர்களையும் 1 முதல் 5 வரையிலான எண்களாகச் சொல்லும் வழக்கம் வசதியானதே. ஆனால் அவை வேலைகளுக்கு இட்ட சுருக்கப் பெயர்கள் என்பதை மறந்துவிட்டால் வாதம் கெட்டுவிடும். தாளின் மறுபக்கத்தில் வேலைகளை எழுதுங்கள்: எதிரணி நெருக்கும்போது பந்தை 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுவருதல், 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து, எதிராளி ஓடி வந்து மறிக்க வேண்டிய அளவுக்கேனும் எறிதல், ஸ்கிரீன் நின்று கொடுத்தல் (தன் அணியாளுக்கு வழி கிடைக்க எதிராளியின் பாதையில் அசையாமல் நிற்பது), ரீபவுண்டு (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) எடுத்தல், கூடைக்கு அடியில் காத்தல், எதிரணியின் மிகச் சிறந்த கார்டை மறித்தல், எறிவதற்கான 24 விநாடிக் கடிகாரம் முடியப்போகும்போது தானே ஓர் எறிவை உருவாக்குதல். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பெயராவது வேண்டும். ஒரே பெயர் மட்டும் உள்ள வேலைதான் உங்கள் அணியின் உண்மையான குறை.

இதை நான் தோற்றுக் கற்றேன். நான் தேர்வுக்கு உதவிய ஓர் ஆண்டில், உயரமான மாணவர்கள் கிடைத்த மகிழ்ச்சியில் ஐந்து பேரைப் போஸ்ட்டுக்கு எடுத்துவிட்டு, பந்தைக் கொண்டுவர ஒரே ஒருவரை வைத்திருந்தோம். வெளியூர் ஆட்டம் ஒன்றில் மூன்றாம் கால்பகுதி முடியும் முன் அவர் ஐந்தாவது ஃபவுலில் வெளியேறினார். அதன்பின் எதிரணி முழுக்களத்திலும் நெருக்கி ஆடியது. எங்கள் ஆட்கள் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல், நடுக்கோட்டுக்கு இரண்டடி முன்னால் நின்ற காட்சியும், நடுவர் எட்டு விநாடிக்காக விசில் ஊதிய ஓசையும் இன்றும் என் மனத்தில் இருக்கின்றன. உயரத்தில் நாங்கள் எந்த விதத்திலும் குறைந்தவர்கள் அல்லர். பட்டியலைத் தவறாகப் போட்டிருந்தோம், அவ்வளவுதான்.

நிலைப் பெயரும் வேலையும் ஒன்றல்ல என்பதற்கு என்.பி.ஏ. வரலாற்றில் தெளிவான சான்றுகள் உண்டு. 1980 இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், காயமடைந்த கரீம் அப்துல்-ஜபாருக்குப் பதிலாக, 6 அடி 9 அங்குலப் பாயிண்ட் கார்டான மேஜிக் ஜான்சன் சென்டராகத் தொடங்கி 42 புள்ளிகள் எடுத்தார். அது அவருடைய முதல் பருவம். 2015 இறுதிப் போட்டியில் 1-2 என்று பின்தங்கியிருந்த கோல்டன் ஸ்டேட் அணி, நான்காவது ஆட்டத்தில் சென்டர் ஆண்ட்ரூ போகட்டுக்குப் பதிலாக ஆந்த்ரே இக்வோடாலாவை முதல் ஐவரில் சேர்த்தது. சென்டரின் வேலையைச் சுமார் 6 அடி 6 அங்குலமே உள்ள டிரேமண்ட் கிரீன் ஏற்றுக்கொண்டார். அந்த ஆட்டத்தையும் அடுத்த இரண்டையும் வென்று அந்த அணி கோப்பையைப் பெற்றது. டென்வரின் நிகோலா யோகிச், சென்டராக இருந்துகொண்டே அணியின் முதன்மையான பந்து பகிர்வோராக 2023இல் அதற்கு முதல் கோப்பையைப் பெற்றுத் தந்தார். ஆண்டின் சிறந்த வீரர் அணிகளையே 2023-24 பருவத்திலிருந்து நிலைப் பாகுபாடு இல்லாமல்தான் என்.பி.ஏ. தேர்கிறது.

ஆனாலும் நிலை என்பதே இல்லை என்று வாதிடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. பந்து நம் கையில் இருக்கும்போது வேலைகளை எப்படியும் மாற்றிக்கொள்ளலாம். எதிரணி கையில் இருக்கும்போது ஒவ்வொருவரும் எதிரே நிற்கும் ஓர் உடலை மறித்தே ஆக வேண்டும். ஆகவே ஓர் ஆட்டக்காரரைப் பற்றி வாதம் வரும்போது, அவர் எந்த நிலையில் ஆடுகிறார் என்பதை விட, எதிரணியில் யார் யாரை மறிப்பார் என்று கேளுங்கள். இருவரை மறிக்கக் கூடியவருக்கு நிமிடங்களைத் தேடிக் கொடுப்பது எளிது. தாக்குதலில் கெட்டிக்காரராக இருந்தும் யாரையும் மறிக்க இயலாதவரைக் களத்தில் எங்கே ஒளித்து வைப்பது என்ற கேள்விக்கு முன்கூட்டியே விடை தேட வேண்டும்.

உயரத்தைப் பற்றித் தனியே ஒரு சொல். பஞ்சாபின் சத்னம் சிங், 7 அடி 2 அங்குல உயரத்தோடு, 2015இல் டல்லாஸ் அணியால் 52ஆவது இடத்தில் தேர்வு செய்யப்பட்டார். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் என்.பி.ஏ. டிராஃப்டில் இந்தியாவில் பிறந்த ஒருவர் தேர்வானது அதுவே முதல்முறை. நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனாலும் என்.பி.ஏ. பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. மாறாக, சுமார் 6 அடி 7 அங்குல டென்னிஸ் ராட்மன் 1992 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு பருவங்களில் ரீபவுண்டில் முதலிடம் பெற்றார். உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அதன் அருகிலேயே, பத்து நிமிடம் ஓடிய பிறகு அந்த மாணவர் எவ்வளவு விரைவாகத் திரும்பி ஓடி வருகிறார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாதங்களில் மிகக் கடினமானது, திறமையில் மேலானவரை எடுப்பதா, அணிக்குத் தேவையான நிலைக்கு ஆள் எடுப்பதா என்பது. 1984 டிராஃப்டில், ஷூட்டிங் கார்டான கிளைட் டிரெக்ஸ்லரை ஏற்கெனவே வைத்திருந்த போர்ட்லாண்ட், இரண்டாவது வாய்ப்பில் சென்டரான சாம் போவியை எடுத்தது. மூன்றாவதாகச் சிகாகோ எடுத்தவர், டிரெக்ஸ்லரின் அதே நிலையில் ஆடும் மைக்கேல் ஜோர்டன். இதை வைத்து ‘எப்போதும் திறமைதான்’ என்று பலர் முடித்துவிடுகிறார்கள். தொழில்முறை அணிக்கு அது பெரும்பாலும் சரி, ஏனெனில் ஒரே நிலையில் இருவர் சேர்ந்துவிட்டால் ஒருவரை வேறு அணிக்குக் கொடுத்து மாற்றாள் வாங்கலாம். அமெரிக்கக் கல்லூரிகளிலும் இன்று ஏறக்குறைய அதே நிலைதான்; 2021 முதல் ஒருமுறையும், 2024 முதல் எத்தனை முறையும், ஒரு பருவம் வெளியே உட்காராமல் மாணவர் கல்லூரி மாறி ஆடலாம். நம் கல்லூரிக்கு அந்த வழி கிடையாது. இந்த ஆண்டு சேர்ந்தவர் மூன்றாண்டுகள் இங்கேதான் படிப்பார். பருவத்தின் நடுவில் வேறு ஆள் வர மாட்டார். ஆகவே முதல் ஏழு இடங்களுக்குத் திறமையையும், எட்டாவது இடத்திலிருந்து தேவையையும் பார்ப்பதே நம் நிலைமைக்குப் பொருந்தும் என்பது என் முடிவு.

சான்று இல்லாமல் வாதிட வேண்டாம். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம், பயிற்சி ஆட்டங்களின்போது களத்தில் இறங்காத இருவரை ஒரு நோட்டோடு உட்கார வையுங்கள். புள்ளிகளை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். பந்தைத் தொலைத்தது, ஃபவுல், ரீபவுண்டு, தன் ஆளைத் தவறவிட்டது ஆகியவற்றை எழுதினால் போதும். பிறகு வாதத்தில் இளையவர்கள் முதலில் பேசட்டும். மாஸ்டரோ மூத்த அண்ணனோ முதலில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால், முதலாண்டு மாணவர் அதற்கு மாறாக வாய் திறக்க மாட்டார். அவர்தான் ஒருவேளை அந்த ஆட்டக்காரரைத் தினமும் எதிரே நின்று மறித்துப் பார்த்தவராக இருப்பார். எல்லோரும் பேசிய பின் முடிவு மாஸ்டருடையது.

பதினொன்றாவது, பன்னிரண்டாவது இடங்களை நன்றிக்கடனாகக் கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். பயிற்சியில் எதிரணியின் நட்சத்திர ஆட்டக்காரரைப் போல ஆடிக் காட்டக் கூடியவருக்கும், அடுத்த ஆண்டு பந்தைக் கொண்டுவரப் போகிறவருக்கும் அந்த இடங்கள் உரியவை. பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு முன்னால், இடம் கிடைக்காதவரைத் தனியே அழைத்து, நோட்டில் அவர் பெயருக்கு நேரே எழுதியிருப்பதைக் காட்டி, எந்த வேலையில் தேறினால் அடுத்த ஆண்டு யாருடைய நிமிடங்கள் அவருக்கு வரும் என்று சொல்லி அனுப்புங்கள்.